‘ரேகை விழவில்லை’ என்றால் யார் பதில் சொல்வது?

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, ஒரே கவலையை வெவ்வேறு ஊர்களிலிருந்து எழுப்பியிருந்தன. ஒரு கருவியோ மென்பொருளோ ஒரு மனிதரைப் பற்றி ஏதோ சொல்கிறது; அதை அலுவலகம் அப்படியே ஏற்றுக்கொள்கிறது; அந்த மனிதர் என்ன சொன்னாலும் எடுபடுவதில்லை. ஆகவே இம்முறை அந்தக் கேள்விகளை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

*

கேள்வி: என் அப்பத்தாவுக்கு வயது 73. மிளகாய்க் காட்டிலும் கரிமூட்டத்திலும் உழைத்துத் தேய்ந்த கை அவருடையது. சில மாதங்களாக ரேஷன் கடையில் அவருக்கு ரேகை விழவில்லை. கையைத் துடைத்து, எண்ணெய் தடவி, வேறு விரலை வைத்து என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டு, “நாளைக்கு வாங்க பாட்டி, மெஷின் எடுக்கல” என்று விற்பனையாளர் திருப்பி அனுப்பிவிடுகிறார். அரிசியை மறுப்பது அவரா, மெஷினா, அரசா? இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது?
– கல்லூரி மாணவி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: முதலில் அந்த மெஷின் செய்யும் வேலையைப் புரிந்துகொள்வோம். விரல் நுனித் தோலில் உள்ள மேடுகள் எங்கே பிரிகின்றன, எங்கே முடிகின்றன என்பதைக் கருவி படம்பிடித்து அனுப்புகிறது. ஆதார் எடுத்த நாளில் பதிவான ரேகையோடு அது ஒப்பிடப்படுகிறது. இரண்டும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதற்கு ஒரு மதிப்பெண் கிடைக்கிறது. முன்கூட்டியே வகுத்துவைத்த ஓர் எல்லைக்கு மேல் அது இருந்தால் ‘ஆம்’, கீழே இருந்தால் ‘இல்லை’. வயது ஏற ஏறத் தோல் உலர்கிறது. காட்டு வேலையும் கரியும் சுண்ணாம்பும் அந்த மேடுகளைத் தேய்த்துவிடுகின்றன. ஆகவே ‘இல்லை’ என்று பதில் வந்தால், “இவர் உங்கள் அப்பத்தா இல்லை” என்பது அதன் பொருளாகாது. “போதிய அளவு ஒத்துப்போகவில்லை” என்பதுதான் பொருள். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடு கடைத் திரையில் காணாமற்போகிறது; அதோடு ஒரு மாத அரிசியும் போகிறது.

சட்டம் உங்கள் அப்பத்தாவின் பக்கம்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 7ஆவது பிரிவு, அரசின் உதவிகளுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்று சொன்னாலும், ஆதார் எண் இன்னும் கிடைக்காதவருக்கு வேறு அடையாள வழியைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆதார் இருந்தும் ரேகை ஒத்துப்போகாதவர்களின் நிலை 2017 அக்டோபரில் மத்திய உணவுத் துறை அனுப்பிய அறிவுறுத்தலில் தெளிவாக்கப்பட்டது. ரேகை சரியில்லை, இணையம் இல்லை என்ற காரணங்களால் ஒருவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. குடும்ப அட்டையையும் ஆதார் அட்டையையும் நேரில் பார்த்து, விதிவிலக்குப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருளைக் கொடுத்துவிட வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த அறிவுறுத்தல் வந்த சூழலையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய மாதம் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கப்படாததால் அவள் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. சோறு கேட்டே மகள் உயிர்விட்டாள் என்றார் தாய்; மலேரியாதான் காரணம் என்றது நிர்வாகம்.

2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 4:1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தபோது, திட்டத்தையே கைவிட்டால் அதனால் பயன்பெறும் 99.76 விழுக்காட்டினர் பாதிக்கப்படுவார்கள் என்று பெரும்பான்மை நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். எஞ்சுவது 0.24 விழுக்காடு. கேட்பதற்கு மிகச் சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் 100 கோடிப் பேர் கொண்ட திட்டத்தில் அது 24 இலட்சம் பேர். அந்த 24 இலட்சம் பேரும் நாடெங்கும் சமமாகப் பரவி இருப்பதில்லை என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. முதியவர்கள், உடலுழைப்பால் கை தேய்ந்தவர்கள், தொழுநோயில் விரல் இழந்தவர்கள் ஆகியோரே அந்தக் கணக்கில் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். அதாவது ரேஷன் அரிசி எவருக்கு மிகவும் தேவையோ அவர்களே.

இனிச் செய்ய வேண்டியவை. தமிழ்நாட்டில் அட்டையில் பெயர் உள்ள எவரும் ரேகை வைத்து வாங்கலாம் என்பதால், உங்கள் பெயரும் அதே அட்டையில் இருந்தால் நீங்களே போகலாம். அவர் தனி அட்டை வைத்திருந்தால், வேறொருவரை நியமித்து வாங்குவதற்கான அங்கீகாரப் படிவத்தை வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேளுங்கள். கருவிழிப் பதிவுக் கருவி உள்ள கடையானால் அதையும் முயலச் சொல்லலாம். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டு 12 அன்று தொடங்கியது. 70 வயதைத் தாண்டிய உங்கள் அப்பத்தாவின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். எதுவும் நடக்கவில்லையென்றால் 1967 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுப்பது யார் என்று கேட்டிருந்தீர்கள். விற்பனையாளருக்கு உங்கள் அப்பத்தாவை நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்ததை வைத்து அரிசி கொடுக்கும் துணிவு அவருக்கு இல்லை, ஏனெனில் பில் போடாமல் கொடுத்தால் இருப்பு குறையும், அபராதம் அவர் தலையில் விழும். கருவியைச் செய்தவருக்கு அப்பத்தாவைத் தெரியாது. அறிவுறுத்தலை எழுதியவர் டில்லியில் இருக்கிறார். மறுப்பு நடக்கிறது, ஆனால் “நான்தான் மறுத்தேன், காரணம் இது” என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதிகாரம் இன்று பெரும்பாலும் இந்த வடிவில்தான் எளியவர்களிடம் வந்து சேர்கிறது.

*

கேள்வி: என்னைப் பற்றி அரசுக்குத் தெரியக் கூடாதது எதுவும் இல்லை. மறைக்க ஒன்றுமில்லாதவன் எதற்காகத் தகவல் சேகரிப்பைக் கண்டு அஞ்ச வேண்டும்?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தஞ்சாவூர்

பதில்: மேலே வந்த கடிதத்தில் உள்ள மூதாட்டிக்கும் மறைக்க ஒன்றும் இல்லை. தன்னை முழுவதுமாகக் காட்டிக்கொள்ளத்தான் அவர் மாதந்தோறும் கடைக்குப் போகிறார். கருவிதான் அவரை அடையாளம் காணவில்லை. தகவல் சேகரிப்பின் ஆபத்து நம் இரகசியம் வெளிப்படுவதோடு முடிந்துவிடுவதில்லை. நம்மைப் பற்றிய பிழையான தகவல் ஒன்று, நமக்குத் தெரியாமலே நம்மைப் பற்றி முடிவெடுத்துவிடுவதும் அதில் அடங்கும்.

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றபோது அவருக்கு வயது 86. அந்த வழக்கின் வழியாகத்தான் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கத்துக்கான உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அரசு ஒருவரின் தகவலைக் கேட்கவே கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. கேட்பதற்கு ஒரு சட்டம் வேண்டும், நேர்மையான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு வேண்டும் என்றுதான் சொல்கிறது. அரசுப் பணியில் இருந்த தாங்கள், எந்தக் கோப்பையும் காரணம் எழுதாமல் கேட்டுப் பெற்றிருக்க மாட்டீர்கள். குடிமக்களின் தகவலைக் கேட்கும் அரசிடமும் அதே ஒழுங்கைத்தான் நீதிமன்றம் எதிர்பார்க்கிறது.

*

கேள்வி: கணினிக் கணக்குக்கும் கையிருப்புக்கும் வேறுபாடு வந்தால் காசாளர்தான் பொறுப்பு என்பது எங்கள் துறையில் எழுதாத விதி. பிரிட்டனில் அஞ்சலகம் நடத்திய நூற்றுக்கணக்கானவர்கள் கணினிப் பிழையால் தண்டிக்கப்பட்டதாகப் படித்தேன். ஒரு வளர்ந்த நாட்டில் அது எப்படி இத்தனை ஆண்டுகள் நடந்திருக்க முடியும்? இங்கே அப்படி நடக்க வாய்ப்பு உண்டா?
– கூட்டுறவு வங்கிப் பணியாளர், கோயம்புத்தூர்

பதில்: பிரிட்டனின் சிற்றூர் அஞ்சலகங்கள் பலவற்றை அரசு ஊழியர்கள் நடத்துவதில்லை; ஒப்பந்தம் போட்டுக்கொண்ட தனிநபர்கள், பெரும்பாலும் ஒரு சிறு மளிகைக் கடையோடு சேர்த்து நடத்துகிறார்கள். கணக்கில் குறைவு வந்தால் அதை அவர்களே ஈடுகட்ட வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. 1999 முதல் அங்கே ‘ஹொரைசன்’ என்ற மென்பொருள் புகுத்தப்பட்டது. அதை வழங்கியது ஃபுஜிட்சு நிறுவனம். அதன் பிறகு பல அஞ்சலகங்களில் மாலைக் கணக்கு இடிக்கத் தொடங்கியது.

ஹாம்ப்ஷயர் பகுதியின் சவுத் வார்ன்பரோ என்ற சிற்றூரில் அஞ்சலகம் நடத்திய ஜோ ஹாமில்டனுக்கு ஒரு நாள் 2,000 பவுண்டு குறைந்தது. உதவி எண்ணுக்கு அழைத்து, அவர்கள் சொன்னபடி ஒவ்வொரு விசையாக அழுத்திக்கொண்டிருந்தபோதே, அவர் கண் முன்னால் அந்தக் குறைவு 4,000 ஆக இரட்டித்தது. இன்னும் பலரும் அந்த எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் “இப்படி வேறு யாருக்கும் நடக்கவில்லை” என்ற பதிலே அவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்தது. சேமிப்பைக் கொட்டினார்கள், வீட்டை அடமானம் வைத்தார்கள், உறவினரிடம் கடன் வாங்கினார்கள். கணக்கு நேராக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளாமல் மறுநாள் வியாபாரம் தொடங்க முடியாது என்பதால், நேராக இல்லாத கணக்கை நேர் என்று பதிந்தார்கள். பின்னர் அதுவே ‘பொய்க்கணக்கு எழுதிய குற்றம்’ ஆயிற்று. சிறைக்கு அஞ்சி அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களில் ஜோ ஹாமில்டனும் ஒருவர்.

சர்ரேயின் வெஸ்ட் பைஃப்லீட்டில் அஞ்சலகம் நடத்திய சீமா மிஸ்ரா ஒப்புக்கொள்ளவில்லை. திருடவில்லை என்று வழக்காடினார். 2010 நவம்பரில் அவருக்கு 15 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அன்று அவர் மகனின் பத்தாவது பிறந்தநாள். அவர் எட்டு வாரக் கர்ப்பிணி. விடுதலையான பிறகும் கண்காணிப்புக்காக மாட்டப்பட்ட மின்னணுப் பட்டையோடுதான் அவர் இரண்டாவது குழந்தையைப் பெற்றார். 2021 ஏப்ரலில் அவருடைய தண்டனையையும் சேர்த்து 39 பேரின் தண்டனைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் நீக்கியது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டவர்கள் இப்படித் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். 13 பேராவது இதன் காரணமாகத் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று நீதிபதி வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணையின் 2025 அறிக்கை சொல்கிறது.

எப்படி இத்தனை ஆண்டுகள் நடந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்து மூன்று விடைகள் உண்டு. மூன்றில் ஒன்றுகூட மென்பொருளைப் பற்றியதல்ல. கணினிச் சான்றைத் தருபவர் அந்தக் கணினி சரியாக இயங்கியது என்பதையும் நிறுவ வேண்டும் என்ற விதி அங்கே 1984 முதல் இருந்தது. 1999இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. அதன்பின் கணினி சரியாகவே இயங்கியிருக்கும் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். இரண்டாவது, பணத்தை இழந்ததாகச் சொன்னதும், விசாரித்ததும், பெரும்பாலான வழக்குகளில் குற்றம் சாட்டி வழக்கு நடத்தியதும் அஞ்சலக நிறுவனமே. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. மென்பொருளில் கண்டறியப்பட்ட பிழைகளின் பதிவேடு ஃபுஜிட்சுவிடம் இருந்தது. கிளைக் கணக்குகளைத் தொலைவிலிருந்தே மாற்றும் வசதியும் அவர்களிடம் இருந்தது. அப்படி ஒரு வசதியே இல்லை என்று ஆண்டுக்கணக்கில் மறுக்கப்பட்டது. பிழையை நிரூபிக்கும் பொறுப்பு ஒருவரிடமும், நிரூபிப்பதற்கான ஆவணம் முழுவதும் எதிர்த்தரப்பிடமும் இருந்தால் அங்கே எந்த உண்மை வெளிவரும்?

அதை உடைத்தவர், வேல்ஸின் லான்டட்னோவில் அஞ்சலகம் நடத்தி 2003இல் ஒப்பந்தத்தை இழந்த ஆலன் பேட்ஸ். தன்னைப் போன்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சேர்த்து, 555 பேரோடு வழக்குத் தொடுத்தார். 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர், ஹொரைசனில் கணக்கைத் தவறாக்கும் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பெழுதினார். சமரசமாகக் கிடைத்த 5 கோடியே 77 இலட்சம் பவுண்டில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போயிற்று என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான், தனிமனிதர் ஒரு நிறுவனத்தோடு மோதுவதன் விலை தெரியும். எஞ்சியவர்களின் தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024 மே மாதத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

இங்கே வாய்ப்பு உண்டா என்றால், உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழைக் கட்டாயமாக்குகிறது. அதில் கணினிக்குப் பொறுப்பானவரோடு நிபுணர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும். பழைய சட்டத்தைவிட இது ஒரு படி முன்னேற்றம். ஆனால் சான்றிதழில் கையெழுத்து இருப்பதும், பிழைப் பதிவேட்டைக் குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல. மேலும் உங்கள் துறையில் பெரும்பாலான வழக்குகள் நீதிமன்றம் வரை போவதே இல்லை. மேலாளர் அறையிலேயே, சம்பளப் பிடித்தத்திலேயே முடிந்துவிடுகின்றன.

ஆகவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கணக்கு இடித்தால் கைப்பணத்தைப் போட்டுச் சத்தமில்லாமல் நேர்செய்யாதீர்கள். அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். அந்த நாளின் பரிவர்த்தனைப் பதிவையும் உங்கள் பயனர் கணக்கில் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற விவரத்தையும் எழுத்திலேயே கேளுங்கள். கட்டாயத்தின் பேரில் பணம் கட்ட நேர்ந்தால், “குறைவுக்கு நான் காரணமல்ல என்ற ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன்” என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கட்டுங்கள். பக்கத்துக் கிளையில் இதே போல் நடந்திருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். “உங்களுக்கு மட்டும்தான்” என்ற சொல்லை நம்பியே பிரிட்டனில் பலர் ஆண்டுக்கணக்கில் வாய்மூடி இருந்தார்கள்.

*

கேள்வி: உங்கள் பதில்களைப் பல மாதங்களாகப் படிக்கிறேன். தொழில்நுட்பத்தின் குறைகளையே சொல்கிறீர்கள். போலி அட்டைகளும் இடைத்தரகர்களும் கொள்ளையடித்த காலம் மறந்துவிட்டதா? கணினி வந்த பிறகுதானே அது குறைந்தது?
– சிறுதொழில் முனைவோர், விருதுநகர்

பதில்: மறக்கவில்லை. முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலத்தில், கையில் கிடைக்கும் முன்பே அதில் ஒரு பங்கு குறைந்த கதையை எந்தக் கிராமத்திலும் கேட்கலாம். வங்கிக் கணக்கில் நேராகப் பணம் வருவது அந்த முதியவருக்கு மதிப்பையும் சேர்த்தே தந்திருக்கிறது. குறுஞ்செய்தியில் ‘உங்கள் அட்டைக்கு இத்தனை கிலோ வழங்கப்பட்டது’ என்று வருவதும் நல்லது. வாங்காத பொருளை வாங்கியதாக எழுதினால் உடனே தெரிந்துவிடும்.

ஆனால் எந்தத் திருட்டை எந்தக் கருவி தடுக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கைரேகை, ஒருவர் பெயரில் இன்னொருவர் வாங்குவதைத் தடுக்கும். இருபது கிலோவுக்குப் பில் போட்டுப் பதினெட்டு கிலோ கொடுப்பதைத் தடுக்காது. தமிழகக் கடைகளில் முதலில் வாங்குபவரின் விரலுக்குத்தான் கருவி வந்தது. எடைத் தராசைப் பில் போடும் கருவியோடு இணைக்கும் ஏற்பாடு அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. இரண்டும் தொழில்நுட்பமே. ஒன்று மக்களைச் சோதிக்கிறது, மற்றொன்று கடையைச் சோதிக்கிறது. எது முதலில் வருகிறது, எது தாமதமாகிறது என்பதை முடிவுசெய்வது அதிகாரம். என் எதிர்ப்பு கருவியின் மேல் அல்ல, அந்த வரிசையின் மேல்.

‘மோசடியைப் பிடிக்கிறோம்’ என்ற நோக்கம் எப்படித் தடம்புரளும் என்பதற்கு ஆஸ்திரேலியா பெரிய சான்று. வேலையில்லாதவர்களுக்கும் மாணவர்களுக்கும் அங்கே இரு வாரத்துக்கு ஒருமுறை உதவித்தொகை உண்டு. அந்த இரு வாரத்தில் சம்பாதித்ததைப் பொறுத்து அது கூடும், குறையும். 2015இல் தொடங்கிய ஒரு கணினித் திட்டம், வருமான வரித் துறையிடமிருந்து ஆண்டு வருமானத்தை எடுத்து 26ஆல் வகுத்தது. ஆறு மாதம் வேலையின்றி உதவித்தொகை பெற்று, அடுத்த ஆறு மாதம் வேலைக்குப் போய் 26,000 டாலர் ஈட்டிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வகுத்தல் கணக்கின்படி அவர் ஆண்டு முழுவதும் இரு வாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்தவர் ஆகிறார். ஆகவே உதவித்தொகை பெற்ற மாதங்களில் பொய் சொன்னவரும் ஆகிறார். ‘பணத்தைத் திருப்பிக் கட்டு, இல்லையென்றால் பழைய சம்பளச் சீட்டுகளைக் கொண்டு வா’ என்று கடிதம் போயிற்று. முன்பு ஓர் அலுவலர் வேலை கொடுத்தவரிடம் கேட்டுச் சரிபார்த்துச் செய்த வேலை, இப்போது ஏழையின் தலையில் ஏற்றப்பட்டது. இம்முறை சட்டத்துக்குப் பொருந்தாது என்று 2014லேயே உள்ளுக்குள் சட்ட ஆலோசனை வந்திருந்தும் திட்டம் நடந்தது. கடைசியில் 4,70,000 கடன் கோரிக்கைகளைக் கைவிட்டு, 72 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தருவதாக அந்த அரசு 2020 மே மாதம் அறிவித்தது. 2023 ஜூலையில் விசாரணை ஆணையம் அத்திட்டத்தை நியாயமும் இல்லாத, சட்டமும் இல்லாத கொடுமை என்று கண்டித்தது. அங்கே கணினி பிழை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். சொன்ன வகுத்தலை அது சரியாகவே செய்தது.

*

கேள்வி: நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தேன். காலையும் பிற்பகலும் வேலையாட்களைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும். ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்காது. படம் ஏறாத நாளுக்குக் கூலி இல்லை என்றபோது, பெண்கள் என்னைத்தான் திட்டினார்கள். தவறு யாருடையது?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்களுடையது அல்ல. 2022 மே மாதம் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள தளங்களுக்குக் கட்டாயமாகி, 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிகளுக்கான பணிகள் தவிர, எல்லாத் தளங்களுக்கும் விரிந்த முறை அது. மண் வெட்டியவரின் கூலிக்கு, வெட்டிய மண்ணின் அளவைவிட ஒரு புகைப்படம் பெரிய சான்றாயிற்று. ஏமாற்றுக்காரர்களையாவது அது தடுத்ததா என்றால், 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சித் துறையே மாநிலங்களுக்கு எழுதிய சுற்றறிக்கையைப் பார்க்க வேண்டும்: தொடர்பில்லாத படங்களும், படத்தையே படமெடுத்தவையும் ஏற்றப்படுகின்றன, ஆகவே ஏறிய படங்களை அலுவலர்கள் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டது. ஏய்ப்பவர் வழி கண்டுபிடித்துக்கொண்டார். சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் உழைத்த பெண்தான் கூலியை இழந்தார். அந்த நாள்களின் வருகையைக் கையால் எழுதிய பதிவேடு உங்களிடம் இருந்தால், அதன் நகலோடு கூலி விடுபட்டவர்கள் அனைவரும் ஒன்றாகக் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

*

கேள்வி: உணவு விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். ஒரு நாள் காலையில் என் ஐடி முடக்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டால் செயலியில் ஒரே பதில் திரும்பத் திரும்ப வருகிறது. பேச ஓர் ஆள் இல்லை. நான் யாரிடம் போவது, ஐயா?
– விநியோகத் தொழிலாளி, சென்னை

பதில்: தம்பி, நான்கு ஆண்டு உழைப்பை ஒரு வரிச் செய்தியில் முடித்துவிடுவதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. வாடிக்கையாளர் புகார், தாமதம், ரத்தான ஆர்டர்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டு ஒரு மென்பொருள் ஐடியை நிறுத்தக்கூடும். மழையில் சாலை மூழ்கியதும், உணவகத்தில் அரை மணி நேரம் காத்திருந்ததும் அந்தக் கணக்கில் சேர்ந்ததா என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை.

கர்நாடகம் 2025இல் இதற்கென்று சட்டம் இயற்றியிருக்கிறது. அதன்படி தொழிலாளியை நீக்குவதற்கு முன் எழுத்தில் காரணம் சொல்லி 14 நாள் அவகாசம் தர வேண்டும். தானியங்கி முறைகள் அவருடைய வேலையை எப்படிப் பாதிக்கின்றன என்பதையும் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இத்தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைக்கப்பட்டது. அது நல உதவிகளுக்காக ஏற்பட்டது. அதில் பதிவு செய்திருக்காவிட்டால் இப்போதே செய்யுங்கள். ஐடி முடக்கத்தைப் பொறுத்தவரை, கர்நாடகத்தில் உள்ளது போன்ற சட்டம் இங்கேயும் வர வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் வழியாகக் கேட்பதுதான் நிலையான வழி. உடனடியாக, செயலியில் வந்த செய்திகளையும் கடைசி மாத வருமான விவரத்தையும் திரையிலிருந்து படமெடுத்து வைத்துக்கொண்டு, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் ஒரு கடிதம் எழுதுங்கள். செயலிக்கு வெளியே, தேதியும் கையெழுத்தும் உள்ள ஒரு காகிதம் உங்கள் பக்கம் இருக்கட்டும். தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அதன் நகலோடு செல்லுங்கள். தனியாகப் போகாமல் இதே நிலையில் உள்ள நண்பர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

*

கேள்வி: அரசுத் திட்டங்களுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். விதிகளை நாங்கள் எழுதுவதில்லை, கொடுத்ததை நிறைவேற்றுகிறோம். எங்கள் நிலையில் உள்ளவர்கள் என்னதான் செய்ய முடியும்?
– மென்பொருள் பொறியாளர், சிறுசேரி

பதில்: நீங்கள் நினைப்பதைவிட அதிகம் செய்ய முடியும். விதியை அமைச்சகம் எழுதுகிறது என்பது உண்மை. ஆனால் ரேகை ஒத்துப்போகாதபோது திரையில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று வருவதா, ‘உறுதிசெய்ய முடியவில்லை, அட்டையைப் பார்த்து வழங்கலாம்’ என்று வருவதா என்பதைப் பெரும்பாலும் உங்கள் குழுவில் ஒருவர்தான் தீர்மானிக்கிறார். விதிவிலக்குப் பதிவேட்டுக்கு ஒரு பொத்தான் முதல் திரையிலேயே இருக்கிறதா, நான்கு திரை தாண்டி மேலதிகாரியின் கடவுச்சொல் கேட்கிறதா என்பதும் அப்படியே. அறிவுறுத்தல் 2017 முதல் காகிதத்தில் இருந்தாலும், திரையில் அதற்கு இடமில்லையென்றால் கடைக்காரருக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை.

தோல்விகளைப் பதிவு செய்யுங்கள். வெற்றி விழுக்காட்டை மட்டும் அறிக்கையில் காட்டாதீர்கள். ஒரே அட்டைதாரர் மூன்று மாதம் தொடர்ந்து தோற்றால் வட்ட வழங்கல் அலுவலருக்கு அந்தப் பெயர் தானாகவே போய்ச் சேரும்படி அமைக்க எத்தனை நாள் வேலை ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சிக்னல் இல்லாத இடத்தில் எடுத்த படத்தைக் கைப்பேசியிலேயே வைத்திருந்து, பிறகு ஏற்றினாலும் எடுத்த நேரத்தையே கணக்கில் கொள்ளும் வசதியும் உங்கள் தொழிலில் புதிதல்ல. பிழை இருப்பது தெரிந்தால் அதைத் தேதியிட்டு மின்னஞ்சலில் எழுதி வையுங்கள், வாய்ச்சொல்லாக விட்டுவிடாதீர்கள்.

ஃபுஜிட்சுவில் 2001 முதல் 2004 வரை ஹொரைசன் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்த ரிச்சர்ட் ரோல், அங்கிருந்தே கிளைக் கணக்குகளில் நுழைந்து மாற்ற முடியும் என்று 2015இல் பிபிசி தொலைக்காட்சியிலும், பிறகு நீதிமன்றத்தில் சாட்சியாகவும் சொன்னார். அவர் விதிகளை எழுதியவர் அல்லர். அந்தப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பொறியாளர். தொலைவிலிருந்து மாற்றவே முடியாது என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்காமல் போனதற்கு அவர் சாட்சியமும் ஒரு காரணம்.